கதவிடுக்கு

மடிக்கணினியை இஸ்திரிப் பலகைமேல் வைத்தாயிற்று.
ஐந்தாம் மாடி. கீழே ரியோனி ஆறு
பனி உருகிக் கலங்கி ஓடுகிற இரைச்சல்.
லிஃப்டில் போடச் சில்லறை இல்லாமல்
படியேறி வந்த நூக்ஸாருக்கு
இன்னும் மூச்சு வாங்குகிறது.
மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

படம் இத்தாலி மொழியில்.
எங்கள் மொழியில் அடியில் எழுத்து ஓடாது.
நான் சொல்லச் சொல்ல அவன் பார்க்க வேண்டும்.
நாலு வருஷம் பாரி நகரத்தில்
ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி,
திட்டு வாங்கிக் கற்ற மொழி.
குத்தைசியில் இதற்காவது உதவட்டும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற ரெனாத்தா.
ஐம்பது வயது, தனி வீடு.
பகலெல்லாம்
"போக மட்டுமா, வரவும் சேர்த்தா?" என்று
கண்ணாடிக்குப் பின்னிருந்து கேட்பாள்.
யாரும் சாகவில்லை. யாரும் ஓடிப்போகவில்லை.
மீன்காரனை அவள் வைத வசவில்
பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.
மீதியை என் முகத்தில் படித்துக்கொண்டு சிரித்தான்.
"இன்னும் ஒண்ணும் நடக்கலையே?"
"நடந்துகிட்டுதான் இருக்கு. பாரு."
விதை உடைக்கிற சத்தம்.

பிறகு அந்தக் காட்சி.
கொடியிலிருந்து
இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்துவருகிறாள்.
ஒரு முனையைச் சமையலறை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்துகிறாள்.
பின்னாலேயே நடந்துபோய்
மறுமுனையை இழுத்துப் பிடிக்கிறாள்.
இழுப்பறை திறந்துகொள்கிறது.
தரையெல்லாம் கரண்டிகள்.
மறுபடியும் வைக்கிறாள்.
பேச்சே இல்லை.
மொழிபெயர்க்க எதுவும் இல்லையென்று
நான் ஆறிய தேநீரை எடுத்துக் குடித்தேன்.

விதைச் சத்தம் நின்றிருந்தது.

"இழுப்பறை தாங்காது," என்றான்,
திரையைப் பார்த்தபடியே, அவளிடம் சொல்வதுபோல.
"கதவிடுக்குல வைக்கணும். கீல் பக்கமா.
சாத்தினா கெட்டியாப் பிடிச்சுக்கும்.
துரு கொஞ்சம் ஒட்டும்.
பரவாயில்லை, உள்பக்கமா மடிச்சிடலாம்."

நான் திரும்பி வந்த வாரம்
அலமாரியில் இருந்த அத்தனை விரிப்பிலும்
ஒரே மூலையில் பழுப்புக் கறை.
வீட்டை வைத்திருக்கிற லட்சணமா இது என்று கத்திக்கொண்டே
சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
வாளியைத் தூக்கித் தந்தான்.

நாலு வருஷமும் ஞாயிறு தவறாமல் பேசினோம்.
பணம் வந்ததா, கேஸ் பில் எவ்வளவு,
அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா.
விரிப்பை எப்படி மடிக்கிறாய் என்று
யார்தான் யாரைக் கேட்பார்கள்?

பாரியில் எனக்கு ஆள் இருந்தது.
சனிக்கிழமைதோறும் சிஞ்ஞோரா அசுந்தா
சக்கர நாற்காலியில் இருந்தபடி
மறுமுனையைப் பிடிப்பாள்.
நேராகப் பிடி, கழுதை, என்பாள்.
மடித்து மடித்து அவள் மடிவரைக்கும் போவேன்.
கடைசி மடிப்பில்
விரலும் விரலும் இடித்துக்கொள்ளும்.
இதை நூக்ஸாரிடம் சொன்னதில்லை.
மறைத்தேன் என்றில்லை.
சொல்கிற அளவுக்கு ஒரு விஷயமாக
இன்றிரவு வரை அது இல்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தது.
கரண்டிகளைப் பொறுக்கி முடித்த ரெனாத்தா
யாருக்கோ போன் போட்டு
கடகடவென்று பேச ஆரம்பித்திருந்தாள்.
"என்ன சொல்றா?"
ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை.
"எல்லாம் சௌக்கியம்னு சொல்றா," என்றேன்.

நூக்ஸார் ஒரு விதையை எடுத்து
பல்லிடுக்கில் வைத்தான். கடிக்கவில்லை.
"ஆமா," என்றான்,
"அப்படித்தான் சொல்லுவா."